என் பெயரைத் திருடியவளை ஆண்டவர் எனக்குக் காட்டினார்

என் பெயர் அருள்மேரி. வரதராஜன்பேட்டை. குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். போன தவக்காலத்தில் கடன் வசூலிக்க வந்த ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்க மவ கடன வாங்கிட்டு வெளிநாட்டுக்கு ஓடிட்டா" என்று தெருவே கேட்கக் கத்தினான். அவமானத்தில் அம்மா பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நான் எந்தக் கடனும் வாங்கவில்லை.

என்னை அனுப்பிய பெரம்பலூர் ஏஜென்சியில் கேட்டேன். அவர்கள் மூலம் போன எங்கள் எல்லோருடைய ஆதார், பான் நகல்களையும் யாரோ மொத்தமாகத் திருடிவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்கள்.

அன்று நான் மன்னிக்கிற மனதைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, அந்த ஆளை எனக்குக் காட்டும். எங்கம்மா மாதிரி நாலு பேர் முன்னால் தலைகுனியச் செய்யும்." ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் இதையேதான் கேட்டேன்.

ஆண்டவர், என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்காவை அனுப்பினார். அழுதது போதும் என்று என்னை உட்காரவைத்து, என் பெயரிலிருந்த கடன் விவரங்களை எடுக்கவைத்தார். வாங்காத கடனை மறுத்து, கடன் கொடுத்தவர்களுக்கு எழுதினோம். சைபர் கிரைமில் ஆன்லைனில் புகார் கொடுத்தோம். ஆதாரைப் பூட்டினோம். என் பெயரில் யார் கடன் கேட்டாலும் எனக்குத் தகவல் வரும்படி செய்தோம்.

ஒருநாள் டியூட்டியில் இருக்கும்போது அந்தத் தகவல் வந்தது. கடன் கம்பெனிக்குப் போன் போட்டேன். பெரம்பலூர் ஷோரூம் ஒன்றில் என் பெயரில் ஸ்கூட்டர் வாங்குகிறார்களாம். பெரம்பலூரிலேயே வேலை பார்க்கும் அண்ணன் போலீஸோடு போனான். வீடியோவில் நானும் இருந்தேன்.

"அருள்மேரி யாருங்க?" என்று அண்ணன் கேட்டான்.

ஒரு பெண் எழுந்தாள். "நாந்தாங்க."

அண்ணன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "அருள்மேரி என் தங்கச்சிங்க. இந்தா இருக்கா, பேசுங்க."

ஏஜென்சியில் என் சான்றிதழ்களை நகலெடுத்தவள். 'பத்திரமா போயிட்டு வாங்கக்கா' என்று என்னை வழியனுப்பியவள். எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தாள். நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன்.

சின்னப் பிள்ளை இருக்கிறது, கேஸை வாபஸ் வாங்குங்கள் என்று அவள் புருஷன் போனில் கெஞ்சினான். "எங்கம்மாவும் புள்ளையப் பெத்தவங்கதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் பெயரிலிருந்து கடன் நீங்கியது. கத்தியவன் அதே வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டான். அம்மா மறுபடி பூசைக்குப் போகிறார். முன்பு நான் திருநாளுக்குத் திருநாள்தான் ஜெபிப்பேன். இப்போது தினமும் ஜெபிக்கிறேன். மாதாமாதம் கடன் விவரத்தையும் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் பாருங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள், அவர் கேட்கிறார். அவளை மன்னிக்கச் சொல்கிறார் ஃபாதர். அந்த மனதையும் ஆண்டவர் தருவார். நான்தான் இன்னும் கேட்கவில்லை.