தங்கை புலம்பல்

அக்காவின் கல்வெட்டு அச்சகத்திலிருந்து வந்தபோது மை மணம் போகவில்லை. அட்டையில் கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த அவள் முகம். பக்கத்தில் நின்ற அத்தானின் தோளில் ஒரு துண்டு வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது.

எங்கள் நெடுந்தீவில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இப்படிக் கல்வெட்டு அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். வாழ்க்கை வரலாறு இருக்கும். உறவுக்காரர் ஒவ்வொருவரும் அழுவதுபோலப் புலவர் ஒருவர் கட்டிக்கொடுத்த பாட்டுகளும் இருக்கும். அக்கா ஊரில் வந்த கல்வெட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். மத்தியானம் குசினியில் அடுப்படி நிலத்தில் படுத்துக்கொண்டு எனக்கு வாசிப்பாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆண்களுக்குக் கடை, கோயில், கொழும்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். பெண்களுக்கு யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதோடு முடிந்துவிடும்.

“பாரடி, ஒருத்தி சண்டைக்காரி, மற்றவ வாயே திறக்காதவ. ரெண்டு பேரையும் பொறுமைசாலி எண்டு போட்டிருக்கு. சண்டைக்காரி கேட்டாவெண்டா எழும்பி வந்து அடிப்பா.”

இதையே ஒரு கட்டுரையாக எழுதினாள், யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. பிறகு கதைகளும் எழுதினாள். வாத்தியாரான அத்தான்தான் எழுதிக் கொடுக்கிறார் என்று ஊர் கதைத்தது. அவர் இல்லையென்று சொல்லவில்லை. கடைசிக் கதையில், மனைவி எழுதியதைப் புருசன் அடுப்பில் போடுகிறான், அவள் அதே நெருப்பில் அவனுக்குத் தேத்தண்ணி வைக்கிறாள். அது வந்தபிறகுதான் தான் எழுதவில்லை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

காய்ச்சல் முற்றி, கடல் கொந்தளித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஓடாமல், அவள் இங்கேயே செத்துப்போனாள். கல்வெட்டுக்கு விபரம் கொடுக்கும்போது நான் அத்தானிடம் கெஞ்சினேன். அக்கா கதை எழுதினவ எண்டு ஒரு வரி போடுங்கோ, வேறொன்றும் வேண்டாம்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “போட்டா சனம் தேடிப் படிக்குமெல்லே.”

அந்த ஒரு வரி வரவில்லை. பொறுமைசாலி என்று மட்டும் வந்திருந்தது.

அந்தியேட்டியன்று புலவர் எழும்பி நின்று கல்வெட்டை ராகத்தோடு வாசித்தார். கணவர் புலம்பல் முடிந்து தங்கை புலம்பல் வந்தது. என்னை ஒருநாளும் கண்டிராத அந்த மனிசன் என் வாயால் அழத் தொடங்கினார். குயிலே, கற்கண்டே என்று அக்காவைக் கூப்பிட்டார். நான் அவளை ஒருக்காலும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சனமெல்லாம் என்னைப் பார்த்து விம்மியது. இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் ஏலாது என்று எழும்பினேன்.

“அது நான் சொல்லேல்லை. என்ரை அக்கா கதை எழுதினவ. அவதான் எழுதினவ.”

குரல் உடைந்து பாதிச் சொல் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு மாமி என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்து வாயைச் சேலையால் மூடினா. “அழு பிள்ளை, நல்லா அழு” என்றா. நான் அழவில்லை என்று திமிறத் திமிற அவ இன்னும் இறுக்கிப் பிடித்தா. புலவர் எனக்காக இரங்கி, தங்கை புலம்பலை முதலடியிலிருந்து மறுபடி வாசித்தார்.