ஆயுத பூஜையன்று பிரித்த என்ஜின்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தால் வாயே திறக்காது. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து, மூச்சு இழுப்பு வரும் ஒரு பிள்ளையை வளர்த்தோம். எங்கள் வீட்டில் சத்தத்துக்கும் பஞ்சமில்லை, மௌனத்துக்கும் பஞ்சமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மகளுக்கு ஐந்து வயது. அவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு அயனம்பாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். ஏரிக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னதை நம்பி வந்தது. மழைக்காலம் தொடங்கினால் அந்தக் காற்றேதான் பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முந்தின வருடம் ஒருநாள் இழுப்பு முற்றி, ஆட்டோ கிடைக்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினோம். அன்றைக்கு அவள் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பிறகு நான் முன்பு இருந்த ஆளே இல்லை. அடுத்த மாதமே ஒரு பழைய காரை வாங்கிவிட்டார். தெருவில் எங்களைப் பெரிய இடம் என்று நினைத்தார்கள். எங்களுக்கு அது கார் இல்லை, மருந்து.

அந்த மருந்துக்கே உடம்பு சரியில்லாமல் போனது. வானகரம் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நிற்கும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, “வால்வு மாட்டிக்கினு கீது சார். கயட்டிப் போட்டுட்டு ஓட்டு. நம்மூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?” என்றார். என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை மறித்து வைத்து, சூடானதும் திறந்துவிடுகிற சின்ன வால்வு அது. தெர்மோஸ்டாட் என்பார்கள். எங்களுடையது திறக்காமல் மூடியபடியே நின்றுவிட்டது.

கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் இவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர். “வேண்டாததையா ஒருத்தன் மெனக்கெட்டு செஞ்சு வச்சிருக்கான்?” என்று சொல்லிவிட்டு, கார் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார். சோதித்துப் பார்க்காமல் எதையும் பொருத்த மாட்டார். என் பால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்தப் பித்தளைச் சாமானை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். தண்ணீர் கொதி வந்ததும் அது மெல்ல வாய் திறந்தது. பிறந்த குழந்தை கண் விழித்ததைப் பார்த்த மாதிரி அவர் முகமெல்லாம் சிரிப்பு. பாத்திரத்தை யார் கழுவுவது என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

அதைப் பொருத்த அவர் பார்த்து வைத்த நாள் ஆயுத பூஜை. லீவு நாளாயிற்றே என்று நினைத்தார், அவ்வளவுதான். நாங்கள் மாதா கோயில் ஆட்கள். எங்கள் வீட்டில் பூஜை கிடையாது. ஆனால் எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலைதான், லேத் ஓட்டுபவர். அவர் வீட்டுப் பூஜை பெரிதாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வந்து, வரிசையில் எல்லா வீட்டு டூல்ஸையும் வாங்கிக்கொண்டு போவார். துடைத்து, எண்ணெய் தடவி, குங்குமம் வைத்துப் பூஜையில் அடுக்குவார். எங்கள் டூல் பெட்டியும் வருடா வருடம் போகும். இவர் சந்தோஷமாகவே கொடுப்பார். பூஜை போட்ட பிறகு மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது.

அந்த வருடமும் பெட்டியைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தேவை என்று ஒரு ஸ்பேனரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். “மூணே மூணு போல்ட்டு. சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிருதேன்,” என்றார். ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை வடித்தார், மேலே போகிற ஹோஸைக் கழற்றினார். இரண்டு போல்ட் வந்துவிட்டது. மூன்றாவது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அழுத்தித் திருப்பியதில் ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையே மழுங்கிப் போனது. இனி அதைக் கவ்விப் பிடிக்க பைப் ரெஞ்ச் வேண்டும். பைப் ரெஞ்ச் சரஸ்வதிக்கு முன்னால் இருந்தது. வால்வுக்கு மேலே இருந்த மூடியோ பாதி தூக்கிக்கொண்டு, கசிவைத் தடுக்க உள்ளே வைத்திருந்த பேக்கிங் கிழிந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது.

“நாளைக்குப் பாத்துக்கிடலாம்,” என்றார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நாள்தானே, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்து வீட்டில் பொரி கடலை கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். பூஜை தொடங்கி, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். என் பிள்ளை அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்? இருமிக்கொண்டே வந்தாள். வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் இரண்டும் ஏறி இறங்கியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிரப் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அவர் ஆட்டோவுக்கு ஓடினார். ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை. எல்லாம் பூஜைக்காகக் கோயில் வாசலுக்குப் போயிருந்தன. திரும்பி வந்து, பிரித்துப் போட்ட என்ஜினுக்கு முன்னால் நின்றார். கையைப் பிசைந்தார். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“மரம் மாதிரி நிக்கீங்களே! உங்க பிள்ளைதான இது?” என்று கத்தினேன். பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. குனிந்து, பூவைத் தள்ளிவிட்டு, குங்குமத்தோடு அந்த ரெஞ்சை எடுத்தேன். ஒரு வாழைப்பழச் சீப்பு உருண்டது, பொரி சிதறியது. அது என் காலடியில் நொறுங்கிய சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ரெஞ்சோடு வெளியே வந்தேன். சாமி கும்பிடும் இடத்தில் கை வைத்துவிட்டேனே என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. இன்னொருவர் சாமி என்றாலும் சாமி சாமிதானே. பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “கொய்ந்தைக்கு முடிலன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாக்கா? குடு இப்பிடி!” என்று ரெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது. அந்தப் போல்ட் ஒரு முனகலோடு கழன்றது. பழைய வால்வை எடுத்தார்கள், புதியதை இறக்கினார்கள், மூடியை வைத்து முடுக்கினார்கள், ஹோஸை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். மழுங்கிய போல்ட்டுக்கு மாற்று இல்லை. மூடி இரண்டு போல்ட்டில்தான் நின்றது.

பின் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். காலடியில் ஒரு குடம் தண்ணீர். அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கீழ்ப்பாக்கத்தில் இருந்தார். வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர் கண் முள்ளில், என் கண் பிள்ளையின் நெஞ்சில். மாதாவே காப்பாற்று என்றேன். அதே மூச்சில், சரஸ்வதித் தாயே தெரியாமல் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்றேன். தெரிந்தேதான் செய்தேன். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது. மதுரவாயல் தாண்டியதும் அந்த மூன்றாவது ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்ச, கண்ணாடி முழுக்க ஆவி அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார்.

“ஏன் நிறுத்துதீங்க? போங்க!” என்று பின்னாலிருந்து அலறினேன். பிள்ளை இப்போது அழக்கூட இல்லை. கண் பாதி மூடியிருந்தது. அழாத பிள்ளையைப் பார்க்கிற பயம் எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். புஸ்ஸென்று பெரிய சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஏறியவர் ஒரே கையால் ஓட்டினார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். சாயங்காலம் போலத்தான் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. உதட்டில் சிவப்பு திரும்பியதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் அங்கே இல்லை என்பதைக் கவனித்தேன். நர்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து கொப்பளித்திருந்தது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை ஆறும் வரை காத்திருக்காமல் திறந்திருக்கிறார்.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பிள்ளை தூங்குகிறாள் என்றேன். தலையாட்டினார். முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவளுக்கு எதாவது ஆகியிருந்தா நீ என்னைய மன்னிச்சிருக்க மாட்டே, என்ன?”

வழியெல்லாம் நான் பயந்துகொண்டு வந்தது அதுதான். பிள்ளை போய்விடுவாளோ என்ற பயத்துக்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. போய்விட்டால் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் எப்படி வாழ்வேன் என்ற பயம். வெந்த கையோடு உட்கார்ந்திருப்பவரிடம் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“மாட்டேன்,” என்றேன்.

“நானும்தான்,” என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கைக்கு மருந்து போட உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.