மறுபதிப்புக் கிழமையில் வாங்குகிறவள்

மறுபதிப்பு வந்த கிழமையில் கார்ட் வாங்குகிறவளை எங்கள் ஊர் இரண்டில் ஒன்றாகத்தான் பார்க்கும்: காசு கூடினவள், அல்லது மூளை குறைந்தவள். காசு கூடினவள் நான் இல்லை என்பது திருகோணமலை முழுக்கத் தெரியும்.

பறக்கும் நாகமும் வாள்வீரரும் அச்சிட்ட கார்ட்டுகளைச் சேர்த்து வீட்டில் ஏச்சு வாங்குகிற என் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிடைக்காத கார்ட்டுகளைக் கம்பனி திரும்ப அச்சடித்துக் கொட்டும். விலை சடாரென்று விழும். அச்சு நின்று சரக்கு வற்றினால் மெல்ல ஏறும். விழுந்த நேரத்தில் வாங்கிக் காத்திருப்பது என் தொழில். உட்துறைமுக வீதியில் எங்கள் கொப்பி, பேனைக் கடையில் ஒரு கண்ணாடி அலுமாரி அதற்கென்றே நிற்கிறது. அந்த இடத்தில் போன் திருத்தும் மேசை போட வேண்டும் என்பது என் கணவர் அன்ரனின் ஆசை. கடைசியில் ஒப்பந்தம் பேசினோம்: இந்த முறை வாங்கிய இருபது பெட்டிக் கார்ட்டும் டிசம்பர் நத்தாருக்குள் லாபத்துக்குப் போகாவிட்டால் அலுமாரி வெளியே.

நித்திரை வாங்கியவர்

விலை விழுந்த மூன்றாம் நாள் சுகந்தன் என்ற வங்கி உத்தியோகத்தர் இரண்டு கார்ட் அல்பத்தோடு வந்தார். முகத்தில் செத்த வீட்டுக் களை. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். ஆறு மாதம் பொறுத்தால் ஏறும், இப்போது விற்காதீர்கள் என்று வாங்குகிற நானே மன்றாடினேன். கேட்கவில்லை. நானும் எடுத்தேன், நான் வியாபாரி, கன்னியாஸ்திரி இல்லை. காசை எண்ணாமலே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "விலை ஏறினா ஏறட்டும் அக்கா. எனக்கு இண்டைக்கு நித்திரை வந்தாக் காணும்."

கீரிச்சம்பா

துறைமுகக் காற்றில் உப்பும் ஈரமும். மினுங்கும் கார்ட்டுகள் ஒரு கிழமையில் பொரித்த அப்பளம் போல வளைந்துவிடும். அரிசியைத் துணிப்பையில் கட்டி, மூடி இறுகிய வாளிக்குள் கார்ட்டுகளோடு வைத்தேன். ஈரத்தை அரிசி இழுக்கும். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது, விருந்தாளிகளுக்கென்று அன்ரன் வாங்கி வைத்த கீரிச்சம்பா. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் கோப்பையில் கிடந்த குறுணல் சோற்றைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "எங்களுக்குக் குறுணல், உன்ர கார்ட்டுக்குக் கீரிச்சம்பாவோ?"

இன்னும் விழும்

கிண்ணியாவில் கணக்குப் படிப்பிக்கும் நஸீர் சேர் ஒவ்வொரு சனியும் பாலம் தாண்டி வருவார். ஒரே பெட்டியைக் கையில் எடுப்பார், விலை கேட்பார், இன்னும் விழும் என்று வைத்துவிட்டுப் போவார். இதற்குக் கீழே போகாது என்று பத்துத் தரம் சொன்னேன். புரட்டாதியில் விலை ஏறத் தொடங்கியது. புது விலையைக் கேட்டவர் என்னோடு கோபித்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: "நீங்க என்னைப் பிடிச்சு வெச்சாவது வாங்கப் பண்ணியிருக்கோணும் தங்கச்சி!"

அளவு நாடா

பத்துப் பெட்டி லாபத்துக்குப் போய் நான் தலை நிமிர்ந்து நடந்த நேரத்தில் கம்பனி இரண்டாம் தரமும் அச்சடித்தது. விலை பழையபடி கிடங்குக்குள் விழுந்தது. அன்ரன் அளவு நாடாவை எடுத்து அலுமாரியின் அகலத்தை அளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே கொழும்புக்குப் போன் போட்டு இன்னும் ஐந்து பெட்டி சொன்னேன். பயமில்லை என்றால் பொய். ஆனாலும் நல்ல சரக்கு மலிவாகக் கிடக்கும்போது முதுகு காட்ட எனக்கு ஏலாது.

நத்தார் வந்தது, மிச்சப் பெட்டிகள் லாபத்துக்குப் போகவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். போன் மேசை உள்ளே வந்தது. அலுமாரியை வீட்டுக்கு ஏற்ற லொறி வரும்வரை வாசலோரம், காத்திருப்போரின் கதிரைகளுக்கு எதிரே வைத்து, புதுப் பெட்டிகளை உடைத்துப் பக்கெற் பக்கெற்றாக அடுக்கினேன். லொறி நாலு நாள் பிந்தியது. போனை அன்ரனிடம் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் இருப்பவர் வேறு எதைப் பார்ப்பார்? உள்ளே எந்தக் கார்ட் என்று கிழித்தால்தான் தெரியும், ஒரு பக்கெற்றின் விலையும் தேத்தண்ணி, வடைக் காசுதான். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், தன் போன் திருந்துவதற்குள் நாலாவது பக்கெற்றைக் கிழித்தார். உடைத்த ஐந்து பெட்டியும் முடிந்த அன்று லொறி வந்து ஹோர்ன் அடித்தது. நான் எழும்புவதற்குள் அன்ரன் வாசலுக்குப் போய்விட்டார். "லொறியைத் திருப்பும் தம்பி, அலுமாரி இஞ்சயே நிக்கட்டும்."

கம்பனிக்காரர் அச்சடித்துக் களைக்கட்டும், நான் வாங்கிக் களைக்கப்போவதில்லை.