அண்ணன் எழுதாமல் விட்ட பக்கங்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைப் பெற்றிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இதில் புகழுரையை எதிர்பார்த்திருப்பீர்கள். அவரைப் புகழ நிறைய உண்டு. எனக்குத்தான் அந்த யோக்கியதை இல்லை.

அவர் பெரியதாழையில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவைக் கடல் கொண்டது. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்து என்னையும் அக்காளையும் படிக்கவைத்தார். தமக்கென்று அவர் விடாமல் வைத்திருந்தது நம் ஊர்த் திருவிழா நாடகத்தின் பபூன் வேடம் ஒன்றைத்தான்.

வெளியூர் நண்பர்களுக்காக அந்த வழக்கத்தைச் சொல்கிறேன். நாடகத்தின் நடுவே பபூன் கூட்டத்துக்குள் இறங்கி வருவார். யார் வேண்டுமானாலும் தங்கள் குறையை அவர் காதில் போடலாம். மேடையேறி அதைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பார். கேட்கப்பட்டவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வாய்திறக்க வழியில்லை, இங்கே உண்டு. ஓட்டுப் போட ஐந்து வருடம் காத்திருக்கும் சனத்துக்கு வருடம் ஒருநாளாவது கேட்க இடம் வேண்டாமா என்பார் அண்ணன்.

அவர் கடைசியாக வேடமிட்ட வருடம், பெண்கள் கருவாடு காயப்போடும் கடற்கரையை யாரைக் கேட்டு வேலி போட்டு அடைத்தீர்கள் என்று ஊர்க் கமிட்டித் தலைவரைக் கேட்டார். தலைவர் எழவே இல்லை. மறுவருடம், வசனத்தை முன்னதாகவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. செயலாளராக அதில் கையெழுத்துப் போட்டவன் நான். சும்மா ஒப்புக்குத்தானே என்று நினைத்தேன்.

நாடகத்தை எழுதுபவரும் அண்ணன்தான். எழுதிக் கொடுத்தார். பபூன் வரும் பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

“கேள்வி சனங்கிட்ட இருந்துல்லாலே வரணும். அத இப்பமே நான் எப்படி எழுத?”

நான் பெரிய புத்திசாலி. நானே உட்கார்ந்து அந்தப் பக்கங்களை மாமியார் மருமகள் துணுக்குகளால் நிரப்பினேன். கமிட்டி உடனே ஒப்புதல் கொடுத்தது. அண்ணன் வாசித்துப் பார்த்தார். அதன்பின் அவர் முகத்தில் சாயம் பூசவே இல்லை. இன்னொருவர் என் துணுக்குகளைப் பேசினார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

நுரையீரல் நோயில் கிடந்த கடைசி வாரத்தில், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்கிட்ட எதுக்குலே கேக்க? நீ அடைச்சது ஊர் வாயைல்லா? ஊர்கிட்ட கேளு.”

அடக்கத்தன்று அதே தலைவர் அவரை மக்கள் கலைஞர் என்று புகழ்ந்தார். புதிய கலையரங்கத்துக்கு அண்ணன் பெயராம். உயிரோடு இருந்தவரைப் பேசவிடாதவர்கள் இறந்தவருக்கு மாலை போட்டார்கள். அந்த வரிசையில் மாலையோடு நானும்தான் நின்றேன்.

மருத்துவமனையில் முறைவைத்து அண்ணனைக் கவனித்துக்கொண்ட துறைமுகத் தோழர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த கருவாட்டு வியாபாரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெண்கள் இன்றும் தார்ரோட்டு ஓரத்தில்தான் கருவாடு காயப்போடுகிறார்கள். அவர்களிடமும் ஊராரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அண்ணன் என்னை மன்னிக்காமலேதான் கண்மூடினார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.