காயாமல் நின்ற கோடு

கொங்கிறீட்டில் படகு செய்து ஏரியில் ஓட்டிப் பார்ப்பது குடிசார் பொறியியல் மாணவர்களின் பழைய பைத்தியம். லண்டனில் நான் படித்த கல்லூரியின் மாணவர் சங்கமும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு படகை வார்த்துப் போட்டிக்குக் கொண்டு போகும். ஓய்வு பெற்று ஹரோவில் சும்மா இருந்த என்னை, பழைய மாணவன் என்ற முறையில் ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் மெட்ரோபொலிட்டன் ரயிலில் போய் அவர்களுடைய ஆய்வுகூடத்தில் நிற்பேன்.

அந்த ஆண்டு சங்கத் தலைவியும் படகின் கப்டனும் ஒருத்திதான். கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளுக்குப் பின்னால் இருந்து துடுப்புப் போட இருந்தவன் மலேசியாவிலிருந்து படிக்க வந்த பையன். எதையும் பகிடியாக்குவான். "இது முழுகுனா எங்கம்மா உங்களத்தான் தேடி வருவாங்க லா அங்கிள்" என்று ஒருநாள் தன் ஊர் 'லா'வோடு சொன்னான். எல்லோரும் சிரித்தோம்.

படகை அச்சிலிருந்து எடுத்துக் கவிழ்த்த அன்று, பின் இருக்கைக்கு நேர் கீழே, குறுக்காக ஒரு வெடிப்பு தெரிந்தது. தலைமயிர் அளவுதான். கப்டன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதை ஜட்ஜுக்குச் சொல்லோணும் அங்கிள். ரிப்பேர் எண்டு சொன்னா மார்க் குறையும், அவ்வளவுதானே."

போட்டி விதி அதுதான். திருத்த வேலை செய்திருந்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நடுவர்கள் பரிசோதித்து, புள்ளியைக் குறைத்து, ஓட விடுவார்கள். நான் வேண்டாம் என்றேன். மேல்தோல் சுருங்கி வந்த வெடிப்பு, உள்ளே போகவில்லை என்றேன். அது உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவும் இல்லை. என் மாணவக் காலத்தில் எங்கள் படகு ஒருமுறையும் வென்றதில்லை. எனக்கு வெல்ல வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் இல்லை.

சீமெந்தைக் களியாகக் குழைத்து, வெடிப்பில் தேய்த்து, காய்ந்ததும் அரத்தாளால் மினுக்கினேன். கண்காணிப்புப் பொறியியலாளர் வருமுன் ஒப்பந்தக்காரர்கள் செய்யும் வேலை இது. என் உத்தியோக காலம் முழுவதும் அந்த வேலையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கண்டுபிடிக்கும் வழியும் சுலபம். மேற்பரப்பை நனைத்துவிட்டுக் காய விட வேண்டும். சுற்றிலும் காய்ந்து வெளிறும்போது, வெடிப்பு மட்டும் தண்ணீரை வைத்துக்கொண்டு கறுப்பாக நிற்கும்.

போட்டி நாள் விடியும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரிக்கரையில் படகு கவிழ்ந்தபடி கிடக்க, தலைமை நடுவரான வெள்ளைக்காரப் பெண்மணி வந்து திருத்த வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். கப்டன் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். இல்லை என்று அவள் சொன்னாள்.

நடுவர் அடுத்த படகுக்குப் போனபின் காற்று எழும்பியது. படகின் வயிறு காயத் தொடங்கியது. நான் பூசிய இடத்தில் கோடு கறுத்து எழும்பியது. பூசிய இடத்தோடு அது நிற்கவில்லை. இரண்டு பக்கச் சுவர்களிலும் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது.

நடுவர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். நான் கைக்குட்டையை எடுத்து, சுற்றியிருந்த ஈரத்தைத் துடைப்பவன் போல அந்தக் கோட்டின் மேல் தேய்த்தேன். கப்டன் துடுப்போடு வந்து கேட்டாள்.

"எல்லாம் ஓகேயா அங்கிள்?"

"ஓம் பிள்ளை. கொண்டு போங்கோ."

போகும்போது நேராக ஓடியது. நான் மூச்சை எண்ணுகிறவன் போல நின்றேன். மிதவையைச் சுற்றித் திரும்ப, பையன் தன் பாரம் முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்துத் துடுப்பை ஊன்றினான். தட்டு உடைந்தது போன்ற ஒரு சத்தம் கரைவரை கேட்டது. படகு அந்தக் கோட்டோடு மடிந்தது. கப்டன் மேலே வந்தாள். பையன் வரவில்லை. உடைந்த கொங்கிறீட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிவலையில் அவனுடைய மிதவை அங்கியின் பட்டி மாட்டியிருந்தது. அவள் திரும்ப முங்கினாள். பாதுகாப்புப் படகு போய்ச் சேர்ந்தபோது, அவன் முகத்தைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வலது உள்ளங்கையைக் கம்பி கிழித்திருந்தது.

கரைக்கு இழுத்து வந்த துண்டொன்றை நடுவர் நகத்தால் சுரண்டினார். என் பூச்சு செதிலாகக் கழன்றது. யார் இதைப் பூசியது என்று கேட்டார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கப்டன், தான்தான் என்றாள். நான் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். நடுவர் என்னையும் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில், ஏன் என்னைச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள்.

சங்கம் பொதுக்கூட்டம் கூட்டியது. அங்கே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்: வெடிப்பு, பூச்சு, கைக்குட்டை. மரியாதையாகக் கேட்டார்கள். நன்றி கூடச் சொன்னார்கள். ஆனால் நடுவரிடம் இல்லை என்று சொன்னது கப்டனின் வாய்; தலைவியாக அவள் தொடரலாமா என்று வாக்குக்கு விட்டார்கள். பையன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்காக இடது கையை உயர்த்தினான். இன்னும் சிலர் உயர்த்தினார்கள். போதவில்லை. அவனுடைய இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை என்று கேள்வி.

கூட்டம் கலைந்தபோது அவள்தான் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லிஃப்ட் வேலை செய்யேல்லை அங்கிள். பாத்து இறங்குங்கோ."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.