பத்திரிகைக் கடிகாரம்

சுந்தர்ராஜ் நல்ல மனுசன்தான். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் அந்த ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தாரே, அதை என்னவென்று சொல்ல?

சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் அவர் ஆர்ட்டிஸ்ட். பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாம் கல்லில் வரைவார். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். எழுத்தைத் திருப்பிப் போடுவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

1958 ஆவணியில், அதே அச்சகத்தில் கல் தேய்க்கும் சோலைச்சாமியின் மகள் வெள்ளைத்தாய்க்குக் கல்யாணம் கூடியது. திங்கட்கிழமை விடியக்காலை நாலரைக்கு மேல் முகூர்த்தம். "பத்திரிகையை நான் வரைஞ்சு தாரேன். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது" என்று சுந்தர்ராஜே வலிய ஏற்றுக்கொண்டார். உச்சியில் நாலரை காட்டும் ஒரு கடிகாரம் வேண்டுமென்று யார் கேட்டார்கள்? அவருக்கே ஆசை. எண்களையெல்லாம் திருப்பிப் போட்டவர், முள்ளை மட்டும் ஏதோ நினைப்பில் நேராகப் போட்டுவிட்டார்.

முதல் தாளைக் கையில் எடுத்ததுமே பார்த்துவிட்டார். பெரிய முள் ஆறில் சரியாக நின்றது. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சின்ன முள், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. கடிகாரம் ஏழரை காட்டியது. தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் மலையாய்க் கிடந்தது. கல்லை அழித்து மறுபடி வரைய இரண்டு நாள் ஆகும். 'ஆறுக்கு அங்கனயும் நாப்பத்தஞ்சு டிகிரி, இங்கனயும் நாப்பத்தஞ்சு டிகிரி. நேரந்தான் கீழே எழுத்துல இருக்குல்ல, முள்ளை எவன் அளக்கப்போறான்' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அடிக்கச் சொல்லிவிட்டார்.

சாத்தூர் மாப்பிள்ளை வீட்டார் அளந்தார்கள். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. வருசா வருசம் காலண்டரில் அந்த அட்டவணையை எழுதிய மனுசனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! சர்ச்சுக்குப் போகிறவர், எழுதினாரே தவிர ஒருநாளும் வாசித்ததில்லை. "நல்ல காரியத்துக்கு ராகுகாலத்தைப் போட்டு அனுப்பியிருக்காக" என்று சாத்தூர்க்காரர்கள் கல்யாணத்தை நிறுத்தினார்கள்.

சோலைச்சாமி வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சுந்தர்ராஜும் ஒன்றும் சொல்லவில்லை. ராசியில்லாதவள் என்று பேரெடுத்த வெள்ளைத்தாயை அதற்குப்பிறகு ஒருத்தரும் பெண்கேட்டு வரவில்லை.

ஆறு வருசம் போய், சோலைச்சாமியும் செத்து ஒரு மாசம் கழித்துத்தான் சுந்தர்ராஜுக்கு அந்த வீட்டுப் படியேறத் தைரியம் வந்தது. வெள்ளைத்தாய் தாயில்பட்டிக் கம்பெனிக்குப் பட்டாசுக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயி, அந்தக் கடிகாரம் என் தப்பு. தெரிஞ்சேதான் அச்சடிச்சேன்."

"தெரியும் சார்" என்றாள் அவள். "வரைஞ்சவுக வந்து கைத்தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கல்யாணத்தை நடத்திருவோம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிவிட்டாக. ஒரு வாரம் பொறுத்தும் பாத்தாக. அப்பாதான் உங்களைக் கூப்பிடல. முதலாளி காதுக்குப் போனா சாருக்கு வேலை போயிரும், பிள்ளைகுட்டிக்காரருன்னாக."

'கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே தாயி' என்று சொல்ல வாயெடுத்தார் சுந்தர்ராஜ். வந்திருப்பாரா? அவருக்கே நிச்சயமில்லை. அந்தப் பொய்யை மட்டுமாவது சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.