ஆன்ட்டிகள் போட்ட நட்சத்திரங்கள்

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்திய ஒய்டுகே கூத்தெல்லாம் அடங்கின மறு வருஷம், என் பெண் பத்துப் பாட்டுப் பாடி ஒரு சிடி போட்டாள். கர்நாடக சங்கீதம் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. இங்கே கறுப்பின மக்கள் நெஞ்சு உருகப் பாடுகிற சோல் சங்கீதத்தை கொஞ்சம் பாப்போடு கலந்த மாதிரி. இங்கிலீஷில் அவளே எழுதி, காலேஜ் நண்பர்கள் மூன்று பேரோடு யாரோ ஒருவன் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணியது. அவளுக்கு வயது பத்தொன்பது.

தனியாகப் பாடுகிறவர்கள் சிடி விற்பதற்கென்றே அப்போது ஒரு வெப்சைட் இருந்தது. வாங்கிக் கேட்டவர்கள் அதே பக்கத்தில் கருத்து எழுதலாம், ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம்; நிஜமாகவே வாங்கினார்களா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. நியூயார்க்கில் ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனிக்காரி இவள் குரலைக் கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் இரண்டு மாதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கிறேன், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருந்தாளாம். சனிக்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டே என் பெண் இதைச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஸ்ட்ரேஞ்சர்ஸ் மட்டும்தான் எழுதணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்றேன். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டில் வார நாட்களில் நான் மட்டும்தான். அவர் திங்கள் காலை ஃப்ளைட் பிடித்து கிளையன்ட் ஊருக்குப் போனால் வியாழன் ராத்திரிதான் முகம் காட்டுவார். பெண் காலேஜ் ஹாஸ்டலில். எனக்கு அந்த வெப்சைட் பக்கம்தான் பொழுதுபோக்கு. ஆபீஸில் லஞ்ச் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பேன். ஆறு வாரத்தில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஒஹையோவில் ஒரு நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு டிரைவ் பண்ணும்போது நாலாவது பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதாக எழுதியிருந்தாள். ஒருத்தர் டிரம்ஸ் சத்தம் ஜாஸ்தி என்றார். இன்னொருத்தருக்கு ஒரு பாட்டின் வரிகள் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்ததாம். எல்லாம் மூன்று, நாலு நட்சத்திரம். யாரோ எவரோ என் பெண்ணைப் பற்றி இப்படி யோசித்து எழுதுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

எட்டாவதாக ஒருத்தன் வந்தான். இரண்டு நட்சத்திரம். பதினோரு தடவை கேட்டேன் என்று ஆரம்பித்திருந்தான். இந்தப் பெண்ணிடம் குரல் இருக்கிறது, ஆனால் பக்கத்து ரூமில் யாரோ தூங்குகிறார்கள், அவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று பயந்து பாடுவதுபோல் இருக்கிறது, கடைசிவரை குரலைத் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் இவன்? என் பெண் பாட்டுக் கிளாஸுக்குப் போன பனி நாட்களெல்லாம் இவனுக்குத் தெரியுமா? தயிர் சாதத்தை அப்படியே மூடி வைத்தேன். ப்ராமிஸ் கிராமிஸ் எல்லாம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. நம் தமிழ்க்காரர்களின் மெயிலிங் லிஸ்ட்டுக்கு நாலு வரி எழுதினேன்: நம்ம வீட்டுக் குழந்தை, முதல் முயற்சி, எல்லாரும் தயவுசெய்து ஆதரவு தர வேண்டும். கீழே அந்தப் பக்கத்தின் லிங்க். பிளானோவில் இருக்கும் என் நாத்தனாருக்குத் தனியாக ஒரு காப்பி.

நம் ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதும் செய்தார்கள். 'இந்தப் பெண்ணைச் சிறு வயதிலிருந்து அறிவேன், அடக்கமானவள், மேத்ஸிலும் கெட்டிக்காரி' என்று ஒரு அங்கிள் ஐந்து நட்சத்திரம் போட்டார். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு ஆன்ட்டி, அடுத்த ஆல்பத்தில் ஒரு பக்திப் பாடலும் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். தன் பெண்ணின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து முழுக் கடிதமே எழுதிவிட்டார். ஒரு மாமி நாலு நட்சத்திரம்தான் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அஞ்சும் போட்டா கண்ணு பட்டுடும்" என்றாள். என் நாத்தனாரோ ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு பாட்லக் விருந்துக்கு வந்த பதினோரு குடும்பத்தையும், சாப்பிட்ட கையைக் கழுவின கையோடு தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார வைத்து எழுத வைத்தாள். நாலே நாளில் நாற்பத்தொன்று. இவர்களில் ஒருத்தர்கூட சிடியைக் கேட்டிருக்கவில்லை.

புதன்கிழமை ஒரு வெள்ளைக்காரர், இது ஆல்பமா இல்லை கல்யாண ரிசப்ஷனா என்று எழுதினார். அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. உடனே நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"எல்லாரையும் டிலீட் பண்ணச் சொல்லு."

"டிலீட் பண்ண ஆப்ஷனே இல்ல அண்ணி. வேணும்னா அந்தாளுக்கு ஆன்ஸர் பண்ணச் சொல்லட்டுமா? அடுத்த வாரமும் பாட்லக் இருக்கு."

வெப்சைட்காரர்களுக்கு மெயில் எழுதினேன். தங்கள் மெயில் கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினேன், தப்பு என்னுடையது, என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அந்த முதல் எட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. அதற்கும் அதே பதில்தான். வெள்ளிக்கிழமை பார்த்தால் பக்கம் காலி. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஏகப்பட்ட கருத்துகள் வந்திருப்பதால் நம்பத்தக்கவை அல்ல என்று கருதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம், இனி இந்த ஆல்பத்துக்குக் கருத்து எழுத முடியாது என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. நர்ஸ் போனாள், டிரம்ஸ்காரர் போனார், அந்த இரண்டு நட்சத்திரக்காரனும் போனான்.

நியூயார்க்காரி மரியாதையாக ஒரு மெயில் அனுப்பியிருந்தாள், வாழ்த்துகள், வேறு இடங்களில் முயற்சி செய்யவும் என்று. சனிக்கிழமை வீட்டுக்கு வந்த என் பெண் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். அத்தனை அங்கிள், ஆன்ட்டிகளைப் பார்த்ததுமே இது யார் வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்; கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் கத்தவில்லை.

"நான் நல்லா பாடறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதும்மா. அதுக்குத்தான் அவங்க எழுதணும்னு வெய்ட் பண்ணேன். அந்த டூ ஸ்டார் ஆளுக்குத் திரும்ப எழுதிக் கேக்கலாம்னு இருந்தேன், எந்தப் பாட்டுலன்னு. இப்ப யாரைக் கேக்கறது?"

சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் அந்த சிடியை ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். சமைக்கும்போது ஓடவிட்டேன், பாதி மிக்ஸி சத்தத்தில் போயிற்று. எழுதினவர்களைப் படித்த அளவுக்கு நான் என் பெண்ணைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதல் பாட்டிலிருந்து கேட்டேன். அந்த ஆள் சொன்னது நிஜம். அடக்கி அடக்கித்தான் பாடியிருந்தாள். பக்கத்து ரூமில் யாரும் தூங்கவில்லை, அங்கே இருந்தவள் நான். எட்டு வயதிலிருந்து அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், மெதுவாப் பாடுடி, கீழ் வீட்டுக்காரன் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான் என்று கிச்சனிலிருந்து அதட்டியவள் நான்தான். ஆனால் ஏழாவது பாட்டின் முடிவில் ஒரு இடம் வருகிறது. அங்கே அவள் எதையோ மறந்துவிட்டாள், என்னைத்தான் மறந்திருக்க வேண்டும், குரலை அப்படியே விட்டுவிட்டாள். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு டிரெய்ன் போய்விட்டது. அன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், எழுத முடியாது என்று தெரிந்தே.

அடுத்த சனிக்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. அவள் ஹாலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏழாவது பாட்டு கேட்டேன்டி. கடைசியில குரலை விட்டே பாரு, அந்த ஒரு இடம். மத்ததெல்லாம் அந்த ஆள் சொன்ன மாதிரி அடக்கித்தான் பாடியிருக்கே. ஆனா அந்த இடத்துல நீ பெரிய பாடகிடி. சத்தியமா சொல்றேன்."

அவள் மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் கன்னத்தைத் தொட்டு, நன்னா பாடறே கண்ணு என்று சொன்னால் மரியாதைக்கு எப்படிச் சிரிப்பாளோ, அப்படிச் சிரித்தாள்.

"தேங்க்ஸ்மா" என்றாள்.